ஒன்றரை நிமிடத் திகில்: ‘கடைசி மணி’ டிரெய்லர் எடுத்த கதையும் கற்ற பாடமும்



ஆண்டு விழாவில் எங்கள் ‘கடைசி மணி’ டிரெய்லரைப் பார்த்ததிலிருந்து எல்லாரும் கேள்வி மேல கேள்வி கேக்குறீங்க. எந்த கேமரா? நெஜமாவே ராத்திரியில எடுத்தீங்களா? மணி தானா எப்படி அடிச்சுது? ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. “அதையே கட்டுரையா எழுதி ஒட்டும்மா, மத்தவங்களும் கத்துக்கட்டும்” என்று தமிழ் ஐயா இரண்டு சார்ட் கொடுத்தார். அதனால் எழுதுகிறேன்.

இதில் நாங்கள் செய்த ஒரு தப்பும் வருகிறது. அதை விட்டுவிடலாமா என்று முதலில் யோசித்தேன். ஆனால் எல்லாப் பாடத்திலும் பெரிய பாடம் அதுதான். அதனால் கடைசி வரை படிக்கவும்.

1. டிரெய்லர் என்றால் என்ன?

டிரெய்லருக்குத் தமிழில் முன்னோட்டம் என்று பெயர். ஆனால் ஆங்கிலத்தில் டிரெய்லர் என்றால் பின்னால் வருவது என்று பொருள். லாரிக்குப் பின்னால் இழுத்து வருவதையும் டிரெய்லர் என்றுதானே சொல்கிறோம்? முன்னால் காட்டுவதற்கு ஏன் இந்தப் பெயர்? ஆரம்ப காலத்தில் அமெரிக்காவில் இதைப் படம் முடிந்த பிறகு போட்டார்களாம். படம் முடிந்ததும் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள். அதனால் பிறகு முன்னால் போட ஆரம்பித்தார்கள். பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. 1913இல் நியூயார்க்கில் நீல்ஸ் கிரான்லண்ட் என்ற தியேட்டர் விளம்பரக்காரர் ஒரு மேடை நாடகத்துக்காக எடுத்துப் போட்ட சிறு படத்தைத்தான் முதல் டிரெய்லர் என்று சொல்கிறார்கள்.

டிரெய்லரின் வேலை கதை சொல்வது இல்லை. “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்க வைப்பது. விடுகதை போட்டுவிட்டு விடையைக் கையில் மூடி வைத்துக்கொள்கிற மாதிரி.

2. திடுக்கிடுவது வேறு, பதறுவது வேறு

இது ஆங்கில டீச்சர் சொல்லிக் கொடுத்தது. ஆல்பிரட் ஹிட்ச்காக் என்ற இயக்குநரைத் திகில் படங்களின் வாத்தியார் என்று சொல்லலாம். பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ அவரிடம் நீண்ட பேட்டி எடுத்து 1966இல் புத்தகமாகப் போட்டார். அதில் ஹிட்ச்காக் ஓர் உதாரணம் சொல்கிறார். சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள். திடீரென்று மேசைக்குக் கீழே குண்டு வெடிக்கிறது. நமக்குச் சில விநாடி தூக்கிவாரிப் போடும், அவ்வளவுதான். அதே குண்டு அங்கே இருப்பதை நமக்கு முன்னாலேயே காட்டிவிட்டால்? அவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டே இருப்பார்கள். நமக்கோ “அய்யோ, எழுந்து போங்களேன்” என்று மனசு அடித்துக்கொள்ளும். அதுதான் பதற்றம்.

அதாவது பார்ப்பவருக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும், படத்தில் இருப்பவருக்குத் தெரியக்கூடாது. இதை நாங்கள் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டோம். ஆனால் முதலில் எடுத்தபோது மறந்துவிட்டோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

3. கதையை ஒரே வாக்கியத்தில் எழுதுதல்

எங்கள் குழுவில் ஏழு பேர். முதல் நாள் ஏழு கதை வந்தது. பேய், கொலை, பேங்க் கொள்ளை எல்லாம் வந்தது. “நம்ம கிட்ட என்ன இருக்கோ அதை வச்சு யோசிங்க” என்றார் டீச்சர். நம்மிடம் இருப்பது நம் பள்ளிதான். நீள வராந்தா, கிரீச் என்று கத்தும் கேட்டு, வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு மணி.

கதை இதுதான்: மறந்துபோன கணக்கு நோட்டை எடுக்கச் சாயந்திரம் பள்ளிக்குத் திரும்பி வரும் ஒரு பெண் உள்ளே மாட்டிக்கொள்கிறாள், யாருமே இல்லாதபோது மணி அடிக்கிறது. ஒரே வாக்கியத்தில் கதையைச் சொல்ல முடியாவிட்டால் டிரெய்லரும் எடுக்க முடியாது.

4. கட்டம் போடுதல்

கேமராவைத் தொடுவதற்கு முன் பழைய சார்ட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, ஒவ்வொரு ஷாட்டையும் படமாக வரைந்தோம். இதற்கு ஸ்டோரிபோர்டு என்று பெயர். எனக்கு ஓவியம் சுமாராகத்தான் வரும். குச்சி மனிதன் வரைந்தாலே போதும். யார் எங்கே நிற்கிறார், தூரமா கிட்டவா என்று தெரிந்தால் சரி.

எங்கள் கணக்கு:
- முதல் பகுதி (அமைதி): 5 ஷாட் × 6 நொடி = 30 நொடி
- இரண்டாம் பகுதி (சந்தேகம்): 10 ஷாட் × 3 நொடி = 30 நொடி
- மூன்றாம் பகுதி (ஓட்டம்): 20 ஷாட் × 1 நொடி = 20 நொடி
- கருப்புத் திரை, மணி, தலைப்பு: 10 நொடி

மொத்தம் 90 நொடி, 35 ஷாட். போகப் போக ஷாட்டின் நீளம் குறைவதைக் கவனியுங்கள். பயந்தால் நெஞ்சு வேகமாக அடிக்கும் அல்லவா? படமும் அப்படி வேகமாக அடிக்க வேண்டும். ஒரு நொடி ரொம்பக் கம்மி என்று நினைக்காதீர்கள். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. செல்போனில் பெரும்பாலும் 30. ஒரு முகத்தையோ ஒரு பூட்டையோ புரிந்துகொள்ளக் கண்ணுக்கு அது போதும்.

5. பகலில் ராத்திரி

கேமரா என்பது டீச்சரின் செல்போன். தலைமையாசிரியர் அனுமதி கொடுத்தது மாலை 4.20 முதல் 5.15 வரை. அதற்கு மேல் பெண் பிள்ளைகள் இருக்கக்கூடாது, 5.30 பஸ்ஸை விட்டால் எங்கள் ஊருக்கு நடைதான். ஆனால் கதை நடப்பது இருட்டில். என்ன செய்வது?

சினிமாக்காரர்களும் இந்தச் சிக்கலைப் பார்த்தவர்கள்தான். பகலில் எடுத்து ராத்திரி மாதிரி காட்டும் முறை ரொம்ப நாளாக இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு ‘அமெரிக்க இரவு’ என்று பெயர் வைத்தார்கள். முன்னால் சொன்ன த்ரூஃபோ 1973இல் அந்தப் பெயரிலேயே ஒரு படம் எடுத்தார். நாங்கள் செய்தது:

1. போன் திரையில் விரலை வைத்து அழுத்தி, வெளிச்சத்தைக் கீழே இறக்கினோம்.
2. வானம் தெரியாமல் எடுத்தோம். வானம் வெள்ளையாக இருந்தால் ராத்திரி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.
3. வகுப்பறை ஜன்னல்களில் கருப்பு சார்ட் ஒட்டி, ஒரு டார்ச் மட்டும் வைத்தோம்.
4. வெட்டி ஒட்டும்போது கொஞ்சம் நீல நிறம் சேர்த்தோம்.

போனை எப்போதும் படுக்கை வசமாகப் பிடிக்க வேண்டும். எங்களிடம் ஸ்டாண்டு இல்லை. பெஞ்சு மேல் செங்கல் வைத்து, செங்கலில் போனைச் சாய்த்து எடுத்தோம். பின்னாலேயே போகிற ஷாட்டுக்கு, ஒருத்தி இரண்டு முழங்கையையும் வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். ஆட்டம் பாதியாகக் குறைந்தது.

மொத்தச் செலவு: சார்ட் மூன்று 30 ரூபாய், டார்ச் செல் இரண்டு 32 ரூபாய், ஒட்டும் டேப்பு 12 ரூபாய். ஆக 74 ரூபாய்.

ரத்தம் வேண்டும் என்று பையன்கள் அடம் பிடித்தார்கள். ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) கருப்பு வெள்ளைப் படம், அதில் ரத்தத்துக்குப் பதில் சாக்லேட் சிரப்பை ஊற்றினார்கள் என்று டீச்சர் சொன்னதும் ஆசை இன்னும் அதிகமானது. ஆனால் எங்கள் கதைக்கு ரத்தம் தேவையே இல்லை. ‘ஜாஸ்’ (1975) படத்தில் இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி ரிப்பேர் ஆனதால், ஸ்பீல்பெர்க் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுறாவைச் சரியாகக் காட்டவே இல்லை. தண்ணீரும் இசையும்தான். அதுதான் ஜனங்களை அதிகமாக மிரட்டியது. காட்டாதது காட்டியதை விடப் பெரிசு.

6. சத்தம்

படத்தில் பாதி பயம் காதில்தான் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஒரு திகில் காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும்.

சத்தங்களைத் தனியாகப் பதிவு செய்தோம். காற்று போனில் உர்ரென்று விழாமல் இருக்க மைக் ஓட்டையை மெல்லிய கைக்குட்டையால் மூடினோம். நெஞ்சுத் துடிப்புக்கு, கவிழ்த்த பிளாஸ்டிக் குடத்தின் மேல் துண்டு போட்டுக் கையால் தட்டினோம். யாரோ நடக்கும் சத்தத்துக்குக் காய்ந்த வேப்ப இலை. மணி தானாக அடிப்பதற்கு, ஒருத்தன் தூரத்திலிருந்து அடித்துவிட்டு ஓடிவிடுவான். ஆடிக்கொண்டிருக்கும் தண்டவாளத் துண்டை மட்டும் எடுத்தோம். இதுதான் அந்த ரகசியம்!

பெரிய சத்தத்துக்கு முன்னால் மூன்று நொடி சத்தமே இல்லாமல் விடுங்கள். அந்த மூன்று நொடியில்தான் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

7. வெட்டி ஒட்டுதல்

இதுதான் எடிட்டிங். ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்பவர் 1920ஐ ஒட்டி ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் முகம், அதில் எந்த உணர்ச்சியும் இல்லை. அதே முகத்தை ஒரு கிண்ணம் சூப்புக்குப் பக்கத்தில் ஒட்டினார். பார்த்தவர்கள் ‘பசியோடு பார்க்கிறார்’ என்றார்கள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினார். ‘துக்கமாகப் பார்க்கிறார்’ என்றார்கள். முகம் மாறவே இல்லை. பக்கத்தில் வைத்த படம்தான் மாறியது. இதற்குக் குலெஷோவ் விளைவு என்று பெயர்.

இதைப் படித்தவுடன் எங்களுக்குக் கொண்டாட்டம். உடனே செய்து பார்த்தோம். அங்கேதான் தப்பு நடந்தது.

8. நாங்கள் செய்த தப்பு

ஆண்டு விழாவில் நீங்கள் பார்த்தது இரண்டாவது டிரெய்லர். முதல் டிரெய்லரை அதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை ஸ்மார்ட் வகுப்பில் போட்டோம். சில வகுப்புகள் மட்டும் பார்த்தன.

நம் பள்ளிக் காவல்கார தாத்தாவை எல்லாருக்கும் தெரியும். கேட்டு பூட்டுவது, மணி அடிப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது எல்லாம் அவர்தான். ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பார். “தாத்தா, சும்மா வராந்தாவில் டார்ச் அடிச்சுக்கிட்டு நடங்க, படம் எடுக்கிறோம்” என்றோம். அவர் மறுநாள் தலைக்கு எண்ணெய் தடவி, வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். கதையை நாங்கள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

எங்கள் கதையில் தாத்தா நல்லவர். உள்ளே மாட்டிக்கொண்ட பெண்ணைத் தேடி வருபவரே அவர்தான். ஆனால் டிரெய்லரில் அதைச் சொன்னால் சப்பென்று போய்விடும் என்று நினைத்தோம். அதனால் பயந்த பெண்ணின் முகம், அடுத்து தாத்தா டார்ச்சோடு. பெண் ஓடுகிறாள், அடுத்து தாத்தா கேட்டைப் பூட்டுகிறார். அவர் கால் இழுபடும் சத்தத்தை மட்டும் தனியாக எடுத்து, பெரிசாக்கி, நாலு இடத்தில் போட்டோம். அப்படிப் போடலாம் என்று சொன்னது நான்தான்.

வெள்ளிக்கிழமை போட்டபோது ஒரே அலறல். கைதட்டல். தலைமையாசிரியரே திடுக்கிட்டுச் சிரித்தார். தாத்தாவும் கதவோரம் நின்று பார்த்தார். எங்களுக்குக் கால் தரையில் இல்லை.

திங்கட்கிழமை சாயந்திரம் கேட்டுக்கிட்ட ஒன்று பார்த்தேன். தாத்தாவின் பேத்தி மூணாங் கிளாஸ் படிக்கிறாள். தினமும் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு டீக்கடை வரை போவாள். அன்று அவள் பத்தடி முன்னால் தனியாகப் போனாள். பின்னால் சின்னப் பையன்கள் ஒரு காலை இழுத்து நடந்து காட்டிச் சிரித்தார்கள். “உங்க தாத்தா புள்ள புடிக்கிறவரு” என்று ஒருத்தன் கத்தினான். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. குச்சியை ஊன்றி மெதுவாகப் போனார்.

மறுநாள் மணி அடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“பாப்பா, அந்தப் படத்துல நான் என்ன தப்பு பண்ணவனா வரேன்?”

“ஒரு தப்பும் இல்ல தாத்தா. முழுக் கதையில நீங்கதான் அவளைக் காப்பாத்துறீங்க.”

“அப்படியா கண்ணு? அந்த முழுப்படம் எப்போ போடுவீங்க?”

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் முழுப் படமே கிடையாது. நாங்கள் டிரெய்லர் மட்டும்தான் எடுத்தோம். தியேட்டர் டிரெய்லரில் ஒருவரைக் கெட்டவர் மாதிரி காட்டினால், படம் பார்க்கும்போது உண்மை தெரிந்துவிடும். எங்கள் தாத்தா நல்லவர் என்று காட்டும் பாகம் எங்குமே இல்லை. யாரும் அதைப் பார்க்கப் போவதும் இல்லை.

அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குலெஷோவ் சோதனையில் அது வெறும் ஒரு நடிகரின் முகம். நாங்கள் பயன்படுத்தியது நம் பள்ளியிலேயே வேலை செய்யும் ஒருவரின் முகம், அவர் கால்.

9. திருத்தம்

டீச்சரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “வெட்டித்தானே கெட்டவரா ஆக்கினீங்க? வெட்டியே சரி பண்ணுங்க” என்றார். ‘அந்த நாள்’ (1954) என்ற தமிழ்ப் படத்தைப் பற்றியும் சொன்னார். வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கியது, சிவாஜி கணேசன் நடித்தது, பாட்டே இல்லாதது. அதில் ஒருவரின் கொலையைப் பற்றி ஒவ்வொருவரும் தன் பக்கத்திலிருந்து சொல்வார்கள். சொல்பவர் மாற மாற, சந்தேகம் வேறு வேறு ஆள்மேல் விழும். யார் சொல்கிறார், எதை விடுகிறார் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

முதலில் தாத்தாவிடம் போய் ஏழு பேரும் மன்னிப்புக் கேட்டோம். இந்த முறை கதை முழுவதையும் சொல்லி, சார்ட்டில் கட்டங்களையும் காட்டினோம். உங்களை எடுத்தே விடவா, இல்லை நீங்கள் வரும் இடத்தை நீக்கிவிடவா என்று கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “வரேன். ஆனா அந்தப் புள்ளைய நான் தேடுறது தெரியணும்” என்றார்.

மாற்றியவை மூன்றே மூன்று:

1. கால் இழுபடும் சத்தத்தை முழுவதும் நீக்கினோம்.
2. புதிதாக ஒரு ஷாட் எடுத்தோம். தாத்தா வராந்தாவில் கிடந்த கணக்கு நோட்டை எடுத்துப் பெயரைப் படிக்கிறார். “யாரு கண்ணு உள்ள இருக்கறது?” என்று கூப்பிடுகிறார். இதை முதல் பகுதியின் கடைசியில் வைத்தோம்.
3. பயத்தை ஆள்மேல் வைக்காமல் மணிமேல் வைத்தோம்.

இப்போது என்ன ஆனது தெரியுமா? தாத்தா நல்லவர் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும். உள்ளே ஒளிந்திருக்கும் பெண்ணுக்குத் தெரியாது. அவர் கிட்ட வர வர அவள் இன்னும் உள்ளே ஓடுகிறாள், மணி இருக்கும் பக்கமாக. “ஏய், அந்தப் பக்கம் போகாத, தாத்தா கிட்ட போ!” என்று ஆண்டு விழாவில் அம்மாக்கள் வரிசையிலிருந்து யாரோ கத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஹிட்ச்காக் சொன்ன குண்டு அதுதான். உண்மையை மறைத்தபோது கிடைத்தது வெறும் அலறல். உண்மையைச் சொன்னபோதுதான் பதற்றம் வந்தது.

கடைசி மணிச் சத்தத்தையும் புதிதாக எடுத்தோம். அதை அடித்தது மூணாங் கிளாஸ் பேத்தி. கை எட்டாததால் தாத்தா அவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். ஆண்டு விழாவில் அந்த இடம் வந்ததும், “அது நான் அடிச்சது, அது நான் அடிச்சது” என்று எல்லார் கிட்டயும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

10. டிரெய்லர் எடுக்க விரும்புவோர் நினைவில் கொள்ள

- கதை ஒரே வாக்கியத்தில் இருக்கட்டும்.
- கட்டம் போடாமல் கேமராவைத் தொடாதீர்கள்.
- தலைமையாசிரியர் அனுமதியும், நடிப்பவர்களின் பெற்றோர் அனுமதியும் முதலில். எடுத்ததை வெளியே யாருக்கும் அனுப்பக்கூடாது.
- நடிப்பவர் பெரியவரோ சிறியவரோ, அவர் எந்த மாதிரி ஆளாகத் தெரியப் போகிறார் என்பதை எடுப்பதற்கு முன்பே சொல்லுங்கள்.
- ஒருவர் நடையையோ நிறத்தையோ உடம்பையோ வைத்துப் பயம் காட்டாதீர்கள். அது பயம் இல்லை, கேலி.
- போட்டுக் காட்டுவதற்கு முன், படத்தில் வருபவருக்கு முதலில் போட்டுக் காட்டுங்கள்.

சிந்திக்க: டீவியிலும் செல்போனிலும் ஒரு நிமிடத் துண்டுப் படங்கள் நிறையப் பார்க்கிறோம். அதில் ஒருவர் கோபமாகவோ தப்பாகவோ தெரிந்தால், அதற்கு முன்னால் என்ன இருந்தது, பின்னால் என்ன இருந்தது, வெட்டியவர் யார் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

அடுத்த ஆண்டு முழுப் படமும் எடுக்கலாம் என்று இருக்கிறோம், பத்து நிமிடத்துக்கு. தாத்தாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். நோட்டு, டார்ச், செங்கல் எல்லாம் இருக்கிறது. சேர விரும்புபவர்கள் ஒன்பதாம் வகுப்பில் வந்து பெயர் கொடுக்கவும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
‘கடைசி மணி’ குழுவின் சார்பில்.